அடங்காப்பிடாரிகளின் அகராதி

ஜிஆர்இ, கேட், வங்கித் தேர்வு என்று எதற்குத் தயார் செய்தாலும் ஒரு வார்த்தைப் பட்டியல் கையில் வந்துவிடும். தி.நகர் ஜெராக்ஸ் கடைகளில் பாதி வியாபாரம் இந்தப் பட்டியல்களால்தான் ஓடுகிறதோ என்னவோ! அதில் ரீகால்சிட்ரன்ட் என்றால் பிடிவாதமான. ரெஃப்ராக்டரி என்றால் பிடிவாதமான. கன்ட்யுமேஷியஸ்? அதுவும் பிடிவாதமான. ஒரே அர்த்தத்துக்கு இத்தனை வார்த்தையை எதற்கு ஒரு பாஷை மெனக்கெட்டு வைத்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மனப்பாடம் செய், டிக் அடி, மற.

ஆனால் கொஞ்சம் தோண்டினால் சுவாரஸ்யமான சமாச்சாரம் கிடைக்கிறது. ரீகால்சிட்ரன்ட் லத்தீனிலிருந்து வந்தது. குதிகாலால் பின்னுக்கு உதைப்பது என்று பொருள். அதாவது, உதைக்கிற கழுதை. ரெஸ்டிவ் இன்னும் வேடிக்கை. இன்றைக்கு இருப்புக்கொள்ளாமல் தவிப்பவரை அப்படிச் சொல்கிறார்கள். முதலில் அதற்கு நேர் எதிரான பொருள்: நின்ற இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிற குதிரை. நகராத குதிரை நின்ற இடத்திலேயே திமிறுமல்லவா, அப்படியே அர்த்தமும் குப்புறக் கவிழ்ந்துவிட்டது.

நம்ம ஊர்க் கதையும் இதேதான். சண்டித்தனம் என்கிறோம். சண்டி மாடு என்றால் வண்டியில் பூட்டியதும் படுத்துக்கொள்கிற மாடு. இப்போது மாடு போய் ஸ்கூட்டர் வந்துவிட்டது. மழை நாளில் கிளம்பாத ஸ்கூட்டரும் சண்டித்தனம்தான் பண்ணுகிறது.

கவனித்தால் ஒன்று புரியும். இந்த வார்த்தைகள் எதையும் மாடு உருவாக்கவில்லை, கயிற்றைப் பிடித்திருந்தவர்தான் உருவாக்கினார். பாரம் அதிகமா, காலில் புண்ணா, வெயிலா என்பதெல்லாம் அகராதியில் ஏறவில்லை. 'சண்டி' மட்டும் ஏறிவிட்டது.

ஃப்ரோவர்ட் என்று ஒரு பழைய சொல் உண்டு. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், முக்கியமாக நீதிமொழிகளில், அடிக்கடி வரும். எந்தப் பக்கம் போகச் சொல்கிறார்களோ அதிலிருந்து விலகிப் போகிறவன் என்று பொருள். அந்தக் காலத்தில் 'டுவர்ட்' என்றால் சொன்னபடி கேட்கிற நல்ல பிள்ளை. 'அன்டுவர்ட்' என்ற வார்த்தையில் அதன் வால் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. தமிழில் ஃப்ரோவர்டுக்குக் கச்சிதமான சொல் 'ஏட்டிக்குப் போட்டி'. எந்த கோச்சிங் சென்டர் நோட்ஸிலும் இது வரப்போவதில்லை.

ரெஃப்ராக்டரிக்கும் நமக்கும் உறவு கொஞ்சம் கசப்பானது. கப்பம் கட்ட மறுத்த பாளையக்காரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தங்கள் குறிப்புகளில் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். வீட்டுக்கு அடங்காத பிள்ளைக்குச் சொல்கிற வார்த்தையை, பாளையத்தை ஆண்டவர்களுக்கு மாட்டினார்கள். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். உலைக்குள் எவ்வளவு சூடு ஏற்றினாலும் உருகாத செங்கல்லுக்கும் ஆங்கிலத்தில் இதே ரெஃப்ராக்டரிதான். அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் கம்பெனி தெரியாமல் பாராட்டியிருக்கிறது.

சரி, இதுவரை பார்த்தது ஆண்களுக்கான பட்டியல். பெண்களுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது, அது இன்னும் நீளம். ஆங்கிலத்தில் ஷ்ரூ என்றால் மூஞ்சூறு போன்ற ஒரு சின்னப் பிராணி. எதிர்த்துப் பேசுகிற பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்து, அவளை 'அடக்குவதை' ஒரு முழு நாடகமாகவே எழுதினார் ஷேக்ஸ்பியர். அதைத் தழுவி 1963-இல் சிவாஜியும் பானுமதியும் நடித்த 'அறிவாளி' இங்கே வந்தது. வாயாடி, ராங்கிக்காரி, திமிர் பிடித்தவள் என்று நம்மிடமும் குறைவில்லை. ஆண் அடம் பிடித்தால் கொள்கைப் பிடிப்பு, பெண் பிடித்தால் வீம்பு. ஒரே சரக்கு, லேபிள் மட்டும் வேறு!

இந்தப் பட்டியலின் ராணி 'அடங்காப்பிடாரி'. பிடாரி என்பவள் யார்? ஊர் எல்லையைக் காக்கிற அம்மன். மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் பங்குனிப் பெருவிழா தொடங்கும் முன் கிராம தேவதையான கோலவிழி அம்மனுக்குத்தான் முதல் பூஜை. எல்லையில் நிற்கிறவளைக் கேட்டுவிட்டுத்தான் கபாலியே தேர் ஏற முடியும். அவளைப் போன்ற ஒரு காவல் தெய்வத்தின் பெயருக்கு முன்னால் 'அடங்கா' என்று ஒட்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணைத் திட்டப் பயன்படுத்துகிறோம். கோவிலில் கும்பிடு, வீட்டில் திட்டு.

1923-இல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு. பக்கத்திலேயே கதர் கண்காட்சி. வாசலில் டிக்கெட் பார்க்கிற வேலை பதினான்கு வயதுத் தொண்டர் ஒருத்திக்கு. டிக்கெட் இல்லாமல் வந்தவர் நேரு. "டிக்கெட் இருந்தால்தான் உள்ளே விடுவேன்" என்று அந்தப் பெண் வழிமறித்துவிட்டாள். கூட இருந்த பெரியவர்களுக்குக் கோபம். வந்திருப்பது யாரென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் நிறுத்தினாள். கடைசியில் டிக்கெட் வாங்கிய பிறகே நேரு உள்ளே போனார். எட்டு வயதில் தனக்கு நடந்த கல்யாணத்தை, விவரம் தெரிந்ததும் வேண்டாம் என்று விலக்கிய பெண்ணும் இவள்தான். அக்கம்பக்கத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? மேலே உள்ள பட்டியலில் ஒன்று விடாமல் கிடைத்திருக்கும்.

அவர் துர்காபாய் தேஷ்முக். 1930-இல் சென்னையில் நடந்த உப்பு சத்தியாக்கிரகத்தில் முன்வரிசையில் நின்று சிறைக்குப் போனார். 1937-இல் இங்கே ஆந்திர மகிள சபாவைத் தொடங்கினார். 1946-இல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். (காமர்ஸ் மக்களுக்காக ஒரு துணுக்கு: 1953-இல் அவர் மணந்துகொண்ட சி.டி.தேஷ்முக், ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர்.) அடையாறு பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அவர் பெயரில் உள்ள சாலையைத் தினமும் கடக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்காட்சி வாசல் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி வளர்த்த அவ்வை இல்லமும், அவர் முயற்சியால் 1954-இல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் படிப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியபோது, சரி என்று அவர் வீட்டிலேயே இருந்திருந்தால் எல்லோரும் 'அடக்கமான பெண்' என்று மெச்சியிருப்பார்கள்.

இந்த 'அடக்கம்' இருக்கிறதே, அது ஒரு விசித்திரமான வார்த்தை. பணிவுக்கும் அதுதான், புதைப்பதற்கும் அதுதான். கணக்குப் புத்தகத்தில் அடக்கவிலை என்றால் போட்ட முதல் எல்லாம் உள்ளே அடங்கிய விலை. திருக்குறளில் அடக்கமுடைமை ஒரு தனி அதிகாரம். அங்கே சொல்லப்படுவது தன்னைத் தானே அடக்குவது. அடுத்தவர் நம்மை அடக்குவதற்கும் அதே வேர்ச்சொல்லை வைத்துக்கொண்டு, ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்கிற வேலை ரொம்ப நாளாக நடக்கிறது.

இதற்கு ஒரே ஒரு இடத்தில் தமிழ் அழகாகப் பதில் சொன்னது. காந்தியின் இயக்கத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயரில் 'கீழ்ப்படியாமை' என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது, ஏதோ பிள்ளை அப்பா பேச்சைக் கேட்காத மாதிரி. தமிழில் அதைச் 'சட்டமறுப்பு' என்றார்கள். கீழே படிவதும் இல்லை, மேலே ஏறுவதும் இல்லை. நேருக்கு நேர் நின்று வேண்டாம் என்பது மட்டும். கயிற்றைப் பிடித்தவர் அல்ல, மாடே உருவாக்கிய வார்த்தை என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது காலேஜில் இந்தப் பழைய சொற்கள் எதுவும் புழக்கத்தில் இல்லை. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒரே ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கிறது: 'ஆட்டிட்யூட்'. கேம்பஸ் இன்டர்வியூவில் சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு என்று ஒரு பெண் கேட்டால், "அவளுக்கு ஆட்டிட்யூட் ஜாஸ்தி மச்சி". பையன் கேட்டால் "விவரமானவன்". வகுப்பில் கேள்வி கேட்டாலும் அதே, ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தாலும் அதே. சண்டி என்றால் ஒரு மாடாவது கண்ணுக்குத் தெரிந்தது, அதன் முதுகில் ஒரு பாரமும் தெரிந்தது. ஆட்டிட்யூடில் ஒன்றும் தெரிவதில்லை. சொன்னவர் என்ன கேட்டார், கேட்டது நியாயமா என்ற பேச்சே எழாமல் விஷயம் முடிந்துவிடுகிறது.

திட்டியே ஆகவேண்டும் என்றால் அடங்காப்பிடாரி என்றே திட்டித் தொலையுங்கள் மக்களே. அதில் ஒரு அம்மனாவது இருக்கிறாள்.