கட்டு என்னும் வினையைக் கட்டிக் காப்போம்!

ஒரு மொழியின் செல்வத்தை அதன் பெயர்ச்சொற்களைக் கொண்டே அளப்பது பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. பேருந்து, மிதிவண்டி, கணினி எனப் புதுப்பெயர் அமைந்தவுடன் தமிழ் காக்கப்பட்டுவிட்டதென மன நிறைவு கொள்கின்றனர். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியால் பெயர்ச்சொற்கள் பல மீட்கப்பட்டன, மறுப்பாரில்லை. ஆயின், மொழியின் உயிர்நிலை வினைச்சொல்லிலன்றோ உள்ளது? அவ்வினையே இன்று ஓசையின்றி அரிக்கப்பட்டு வருகின்றது.

கட்டு என்னும் ஒரு சிறு வினையை எடுத்துக்கொள்வோம். தென்னைக்கும் கயிற்றுக்கும் மாட்டுச்சந்தைக்கும் பெயர்பெற்ற பொள்ளாச்சிப் பக்கத்தில் இச்சொல் எத்துணை வேலை செய்கின்றது! உழவர் மாட்டைக் கட்டுகிறார்; கட்டும் இடம் கட்டுத்தரை. தென்னங்குலை முறியாதிருக்கக் கயிறிட்டுக் கட்டுகிறார். கொத்தனார் சுவர் கட்டுகிறார். ஆழியாற்றின் குறுக்கே அணை கட்டினர். தூக்கணாங்குருவி ஓலையில் கூடு கட்டுகின்றது. மணமகன் தாலி கட்டுகிறான். கருவுற்ற மகளுக்குப் பிறந்தகத்தார் கட்டுச்சோறு கட்டிச் செல்கின்றனர். பள்ளிக்குப் பணம் கட்டுகின்றனர். அதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கின்றனர். பனிக்காலத்தில் தொண்டை கட்டுகின்றது. வேலையற்றவன் கதை கட்டுகிறான். சந்தையில் விற்பவர், “இந்த விலைக்குக் கட்டாது” என்கிறார். முதலும் உழைப்பும் ஊதியமும் அவ்வொரு சொல்லுள் அடங்கிவிட்டன.

இவை தொடர்பற்ற பொருள்கள் அல்ல. சிதறிக் கிடப்பதைப் பிணித்து நிறுத்துதல் என்னும் ஒரு கருத்தின் கிளைகள். கல்லைக் கல்லோடு பிணித்தால் கட்டடம். சொல்லைச் சொல்லோடு பிணித்தால் கட்டுரை. நடத்தையைப் பிணித்தால் கட்டுப்பாடு. மரத்தை மரத்தோடு பிணித்தது கட்டுமரம். அச்சொல்லை ஆங்கிலேயரும் ‘கேட்டமரான்’ என எடுத்துக்கொண்டனர். ஒரு வேரினின்று சொற்குடும்பம் கிளைப்பதை ஆய்ந்து காட்டவே பாவாணர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வேறுபடாதது எனத் தொல்காப்பியர் இரண்டாகப் பகுத்தார். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் குதிரை. ஆங்கு வினை பெயருக்குப் பொருள் காட்டுகின்றது. ‘கட்டு’ என்பதிலோ பெயர் வினைக்குப் பொருள் காட்டுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே தமிழ் நடை.

பிறமொழிகளிலும் இந்நிலை உண்டு. சப்பானியரின் ‘கக்கெரு’ என்னும் வினை, சுவரில் மாட்டுதலையும், பூட்டுதலையும், நீர் ஊற்றுதலையும், காலம் செலவிடுதலையும், எண்களைப் பெருக்குதலையும் குறிக்கும். மூக்குக்கண்ணாடி வந்தபோதும் தொலைபேசி வந்தபோதும் அப்பழைய வினையையே ஏவினர். ஆங்கிலப் பெயரோடு ‘சுரு’ என்னும் செய்தல்வினை சேர்த்துப் பேசுவது அவர்களிடமும் உண்டு. ஆயினும் பழைய வினையை அவர்கள் வேலையினின்று நீக்கிவிடவில்லை.

இங்கோ, “பீசு பே பண்ணியாச்சா?”, “வீடு பில்டு பண்ணுகிறார்கள்”, “சோறு பேக்கு பண்ணு”, “லேசு டை பண்ணு” என்கின்றனர். நான்கிடத்தும் நின்ற கட்டு என்னும் வினையைத் துரத்திவிட்டுப் பண்ணு என்னும் ஒன்றையே சுமைகூலியாக்கி, ஆங்கிலத்தை அதன் தலையில் ஏற்றிவிட்டனர். பண்ணு என்பது நல்ல தமிழே, குற்றம் அதனதன்று.

பொருள் விளங்கினால் போதாதா எனச் சிலர் வினவுவர். பேருந்தைப் பசு என்றவன் நாளையே திருத்திக்கொள்ளலாம். ஒரு பெயர் போனால் ஒரு பெயர்தான் போயிற்று. பணம் கட்டுதலை அறியாத பிள்ளைக்கோ, கட்டணம் என்னும் சொல் ஏன் அவ்வாறு வந்ததென விளங்காது. கட்டுதலை மறந்த தலைமுறைக்குக் கட்டளையும் கட்டுப்பாடும் கட்டுரையும் வேரறுந்த வெற்றொலிகளாகும். பின்னர்ப் புதுச்சொல் ஆக்குவதெங்ஙனம்? வேரில்லாத மரத்தில் தளிர் எதிர்பார்ப்பவர் உண்டோ?

இதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை, அரசாணையும் வேண்டியதில்லை. தமிழாசிரியர்கள் கட்டு, போடு, பிடி, எடு என்னும் வினைகளுள் வாரம் ஒன்றைக் கொடுத்து, அதன் ஆட்சிகளை வீட்டாரிடமும் தோட்டத்தாரிடமும் கேட்டெழுதி வருமாறு மாணவரை ஏவுக. அகரமுதலி ஏறாத வழக்குகளும் அவ்வேடுகளில் வந்து சேரும். பெற்றோர், பிள்ளை ‘பே பண்ணு’ என்னுந்தோறும் சினவாது ‘கட்டு’ என்று சொல்லிக் கொடுக்க.

பெயரை மீட்டது முதற்பணி. வினையை மீட்பதே இனிச் செய்யவேண்டிய பணி. அதனைத் தம் நாவிலிருந்தே தொடங்குதல் தமிழர் ஒவ்வொருவர்க்கும் கடன்.