பாதை தெரிந்த அண்ணா, அக்காமார் எங்கே?

பிளேஸ்டோவின் பிரின்ஸ் ரீஜன்ட் லேனில் 1992இல் தொடங்கப்பட்டது நியூஹாம் சிக்ஸ்த் ஃபோர்ம் கல்லூரி. 'நியூவிக்' என்றால்தான் எங்கட பிள்ளைகளுக்கு விளங்கும். அங்கும் அயலில் உள்ள பள்ளிகளிலும் படிக்கும் பலர், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகப் போகிறவர்கள். அப்பா இரவு வேலை, அம்மா பகல் வேலை. யூகாஸ் விண்ணப்பத்தைப் பற்றி வீட்டில் யாரிடம் கேட்பது?

பிள்ளைகளின் படிப்பில் குறை இல்லை. இலவசப் பள்ளி உணவு பெற்ற மாணவர்களில் 19 வயதுக்குள் உயர்கல்விக்குப் போவோர் இங்கிலாந்து முழுவதும் பத்தில் மூவர்; லண்டனில் ஏறத்தாழப் பாதிப் பேர். ஆகவே 'யூனிக்குப் போவானா?' என்பதல்ல இங்கே கேள்வி. எந்தப் படிப்புக்கு, எந்த யூனிக்கு, என்ன தெரிந்துகொண்டு போகிறான் என்பதுதான்.

தெரியாமல் போவதற்கு விலை உண்டு. யூகாஸில் 5 தெரிவுகள். மருத்துவத்துக்கு அதில் 4 மட்டுமே. மருத்துவம், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் விண்ணப்பங்கள் ஒக்டோபர் 15இல் முடிந்துவிடும். ஜனவரி மட்டும் நேரம் இருக்கென்று நினைத்த பிள்ளைக்கு ஒரு வருடம் போச்சு.

இன்னொன்று, நாங்கள் வெளியில் கதைக்காத விசயம். லண்டனில் ஆரம்பப் பள்ளியில் எல்லோருக்கும் உணவு இலவசம். இரண்டாம் நிலைப் பள்ளிக்குப் போனதும் பெற்றோர் தகுதியைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். "வேண்டாம், ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பதிவு வெறும் சாப்பாட்டுக்கானது இல்லை. அது இருந்தால் யூகாஸ் கட்டணம் இல்லை. பல பல்கலைக்கழகங்கள் சற்றுக் குறைந்த பெறுபேற்றுக்கும் இடம் தருகின்றன. வெட்கப்பட்டு விடுவது பிள்ளையின் இடத்தை.

இதையெல்லாம் பள்ளி சொல்லும். ஆனால் போன வருடம் இதே படிவத்தை நிரப்பிய பக்கத்துத் தெரு அக்கா சொல்வது வேறு. எந்த யூனி தூரம், வாடகைக்கு மெயின்டெனன்ஸ் கடன் போதுமா, கேள்வி கேட்கும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பல்கலைக்கழக மாணவர்களையே பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டிகளாக்கிய 'எய்ம்ஹையர்' திட்டம் 2004இல் தொடங்கி 2011இல் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்தில்தான் வறிய மாணவருக்கு வாரம் 30 பவுண் வரை தந்த உதவித்தொகையும் இங்கிலாந்தில் போனது. 2012இல் கல்விக் கட்டணம் 9,000 பவுண் வரை ஏறியது. வழிகாட்டல் கூடுதலாகத் தேவைப்பட்ட நேரத்தில் அது குறைந்தது.

அரசு திரும்பத் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊர்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனில் ஏராளம். ஊரில் கட்டடம் கட்டக் காசு சேர்க்கிறோம், நல்லது. அதே சங்கங்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் செப்டெம்பரிலிருந்து ஜனவரி வரை வாரம் ஒரு மணி நேரம் ஒரு அறையைத் திறந்துவிட்டால் போதும். யூனியில் படிக்கும் எங்கட இளையோர் வந்து உட்காரட்டும்.

எல்லைகளும் வேண்டும். தன்விவர அறிக்கையை மாணவர்தான் எழுத வேண்டும். ஒத்த எழுத்துகளை யூகாஸ் சோதிக்கிறது. விசா, வதிவிட உரிமை, கட்டண நிலை போன்ற சிக்கல்களை அக்கா தீர்க்கக்கூடாது. பதிவு பெறாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்குரியவரிடம் அனுப்பிவைப்பதும் வழிகாட்டல்தான்.

பெற்றோருக்கு ஒன்று: மருத்துவம் இல்லாவிட்டால் சட்டம் என்று நீங்கள் முடிவு கட்டுவதற்கு முன், பிள்ளையை அந்த அறைக்கு ஒருக்கால் அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.