கட்டிப்போட்டு வளர்த்த ரோசம்

2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய உத்தரவைத் திருத்தியபோது எங்கள் ஊர் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. 11-ம் தேதி, டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். 22-ம் தேதி, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நாய்களுக்குச் சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்கவும் உத்தரவு. அதை நம் நகராட்சிகள் எப்படிச் செய்யப்போகின்றன என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அதற்குள் சென்னையிலிருந்து உறவினர் ஒருவர் கூப்பிட்டார். அவர் வீட்டு இராஜபாளையம் நாய், பார்சல் கொண்டுவந்த பையனைக் கடித்துவிட்டதாம். "உங்க ஊர் நாய் புத்தியே அப்படித்தானே மாமா? தோப்பு வச்சிருக்கவங்க யாராச்சும் இருந்தா பாத்துக் குடுத்துருங்க" என்றார்.

"எப்படி வளத்தீங்க மாப்ளே?"

இரண்டு மாதக் குட்டியாக வாங்கியிருக்கிறார். ஊசியெல்லாம் போட்டு முடியும்வரை பால்கனி. அதன்பின் கேட்டுக்கு உள்ளே சங்கிலி. விருந்தாளி வந்தால் பாத்ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். "எங்க நாலு பேரத் தவிர அதுக்கு ஒருத்தரையும் தெரியாது" என்று பெருமையாகச் சொன்னபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

சங்கிலியைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன். கட்டிப்போட்டால்தான் ரோசம் வரும், காவலுக்கு ஆகும் என்று எங்கள் பக்கத்திலும் சொல்பவர்கள் உண்டு. மலையடிவாரத் தோப்புகளில் நல்ல காவல் நாய்கள் அப்படி வளரவில்லை. காய் வெட்ட வருகிறவர்கள், தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று எல்லார் காலடியிலும் குட்டி புரண்டுகொண்டிருக்கும். ஊரில் யார் வரலாம், எப்போது வரலாம் என்பது அதற்கு மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும். ராத்திரி வேலி தாண்டுகிறவனை அது மறிப்பது அந்த அறிவால்தான். எல்லாரையும் பார்த்துப் பயந்து கடிக்கிற நாயைக் காவல் நாய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் அடிக்கடி சொல்லும் புத்தகத்தை இந்த வாரமும் எடுத்தேன். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1965-ல் வெளியிட்ட, நாய்களின் மரபையும் சமூக நடத்தையையும் பற்றிய பெரிய நூல். பார் ஹார்பர் என்ற சிற்றூரின் ஆய்வகத்தில் ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்தவர்கள். அங்கே நடந்து 1961-ல் வெளியான ஒரு சோதனை என் மனத்தை விட்டுப் போவதே இல்லை. உயரமான வேலிக்குள் குட்டிகள் தாயோடு வளர்ந்தன. மனித முகமே தெரியாது. சாப்பாடும் வேலிக்கு வெளியிலிருந்தே வந்தது. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், ஐந்து, ஏழு, ஒன்பது என்று வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் ஒரே ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டு, மறுபடி உள்ளே விட்டார்கள். பதினான்காம் வாரம் எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வாரத்துக்குள் அந்த ஒரு வாரம் கிடைத்த குட்டிகள் மனிதரை ஏற்றுக்கொண்டன. எந்த வயதிலும் அது கிடைக்காதவை காட்டு விலங்குபோல் ஓடி ஒதுங்கின. பிறகு கொஞ்சிப் பழக்கியும் பெரிதாக மாறவில்லை.

ஒரே ஒரு வாரம்!

இனம் ஒன்றுமே இல்லை என்று அந்த நூல் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். புதியவரைச் சந்தேகிப்பது இராஜபாளையத்தின் ரத்தத்தில் உண்டு. அதனால்தான் அந்த வாரங்கள் இதற்கு இன்னும் அவசியம். சட்டப்படி எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக் கூடாது. அப்படியானால் அந்த வாரங்களில் பெரும்பகுதி விற்பவர் கையில் இருக்கிறது, மீதி வாங்குபவர் கையில். பார்வோ நோய்க்குப் பயந்து தரையில் விடாமல் இருப்பது சரி. ஆனால் தோளில் தூக்கிக்கொண்டு காய்கறிக்கடை வாசல்வரை போய்வர எந்த மருத்துவர் தடுத்தார்?

இன்னொன்று இருக்கிறது, இதை எங்கள் ஊர்க்காரர்களே மறைக்கிறார்கள். 2005-ல் தபால்தலையில் வந்த நாய் இது, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. தும்பை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு என்று தேடித்தேடி வாங்குகிறார்கள். அந்த வெள்ளையோடு செவிடும் வரலாம். நிறமிச் செல்கள் உட்காதில் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி அழிந்துவிடும். கூப்பிட்டால் வராத குட்டியைத் திமிர் என்று அடிக்கிறார்கள். தூங்கும்போது தொட்டால் அது திடுக்கிட்டுக் கடிக்கிறது. மறுபடியும் அடி. வளர்ந்தபிறகு அதற்கு மூர்க்கம் என்று பெயர்.

உறவினரின் நாய்க்கு இப்போது மூன்று வயது. தோப்பு பார்த்துக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அங்கேயும் அதற்குச் சங்கிலிதான். வாய்க்கூடு மாட்டி, ஆள் குறைவான விடியற்காலையில், தினமும் அவரே நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஆட்களைத் தூரத்திலிருந்து பார்த்துப் பழகட்டும். கொஞ்சம் மாறும், முழுதாக மாறாது.

இந்த மாதம் குட்டி விற்பவர்களுக்கு: ஒவ்வொரு குட்டியையும் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்து, பார்வையில் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். கூட்டத்தோடு இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். காது கேட்காவிட்டால் வாங்குகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.