ரெண்டே ரெண்டு சுத்து

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள குமுறிட்டு இருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். பொறுமை இல்லாதவங்க அப்படியே அடுத்த பதிவுக்குத் தாவிடுங்க :-)

நான் லீட்ஸ்ல பொட்டி தட்டறவன்னு உங்களுக்குத் தெரியும். வார நாள்ல ஜாவா, வாரக் கடைசியில வார்ஃப் ஆறு. அங்க நான் புழு மாட்டறதில்லை. சின்ன முள்ளுல நூலும் இறகும் கட்டி, பூச்சி மாதிரி பண்ணி, ட்ரவுட் மீனை ஏமாத்தணும். அந்தப் போலிப் பூச்சிக்குப் பேர் ஃப்ளை. தண்ணி மேல மிதக்கறது ட்ரை ஃப்ளை, உள்ள முழுகறது வெட் ஃப்ளை. முழுகறதுலயே கழுத்துல மெத்துனு ஒரு கவுதாரி இறகைச் சுத்திக் கட்டினா அது சாஃப்ட் ஹேக்கிள். யார்க்‌ஷயர்ல இதை ஸ்பைடர்னு சொல்றாங்க. நிஜ சிலந்திக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கேக்காதீங்க.

இப்போ சண்டைக்கு வரேன்.

ஃப்ளை கட்டக் கத்துக்கணும்னு ஒருத்தன் ஆசைப்பட்டா இந்த ஊர்ல அவனுக்கு என்ன நடக்குதுன்னா, முதல்ல ஒரு கடைக்காரர் அவன் தலையில ஒரு பெரிய பெட்டியைக் கட்டறார். எனக்கும் கட்டினார். சுழலும் வைஸ், நாலு கத்தரிக்கோல், மயிலிறகு, மான் முடி, கண்ணைக் கூசற ரோஸ் கலர்ல பஞ்சு, பித்தளை மணி, பளபளா ஜிகினா. காலேஜ் ஃபிட்டிங் லேப்ல பாத்த வைஸுக்கு அப்புறம் வாழ்க்கையில வைஸைத் தொடமாட்டேன்னு நினைச்சிருந்தேன். காசு குடுத்து வாங்கி சமையல் மேசையில மாட்டினேன். விதி.

பெட்டியோட வந்த புத்தகத்துல முதல் பாடம் ஆடம்ஸ்னு ஒரு ட்ரை ஃப்ளை. ரெண்டு நிறத்துல ரெண்டு சேவல் இறகு, நிமிர்ந்து நிக்கற இறக்கை, வால், உடம்பு. இதுவா அரிச்சுவடி? ரெண்டு மணி நேரம் போராடினேன். வந்தது பாட்டில் கழுவற பிரஷ். அப்படியே ஒரு குளிர்காலம் முழுக்க பிரஷ் பிரஷா கட்டித் தள்ளிட்டு, "நமக்கு இது வராதுப்பா"ன்னு பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். என்னை மாதிரி எத்தனை பேர் தள்ளியிருப்பாங்க?

வெளியே எடுக்க வெச்சது ஒரு தாத்தா. இங்க ஒரு மீன்பிடிக் கழகத்துல குளிர்கால சாயங்காலம் கூடி ஃப்ளை கட்டுவாங்க. நான் கட்டினதை வாங்கிப் பாத்தார். ஒண்ணும் சொல்லலை. பிளேடால மொத்தத்தையும் சுரண்டி எடுத்துட்டு வெறும் முள்ளைத் திருப்பிக் குடுத்தார். கூடவே ஆரஞ்சு நூல் கண்டு ஒண்ணு, கவுதாரி இறகு ஒண்ணு. அவ்வளவுதான் சாமான்.

பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச். பேர்லயே செய்முறை இருக்கு பாருங்க: கவுதாரி இறகு, ஆரஞ்சு நூல். ஸ்னைப் அண்ட் பர்ப்பிள்னா உள்ளான் இறகு, ஊதா நூல். நம்ம ஆளுங்க மாட்யூலுக்கு வைக்கற பேரை நினைச்சேன், அழுகை வந்தது.

14ஆம் நம்பர் முள். மெழுகு தடவின நூலை நெருக்கமா சுத்திட்டே வந்து, முள்ளோட முனைக்கு நேர் மேல வந்ததும் நிறுத்து. அங்கேருந்து திரும்பு. இறகோட அடியில இருக்கற பஞ்சை உருவிப் போடு. நுனியைக் கட்டி, கண்ணுக்குப் பின்னால ரெண்டே ரெண்டு சுத்து. முடிச்சு. வெட்டு. அஞ்சு நிமிஷம்.

நான் நாலு சுத்து சுத்தினேன். "இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்குமே"ன்னு கை தானா போகுது. தாத்தா மறுபடி பிளேடை எடுத்தார்.

ஏன் ரெண்டுன்னு ஆத்துல இறங்கினப்போதான் புரிஞ்சுது. ட்ரை ஃப்ளைக்கு சேவல் இறகு, விறைப்பா நின்னு முள்ளைத் தண்ணி மேல தாங்கணும். இங்க விறைப்புதான் எதிரி. பூச்சி ஆத்தடியில இருந்து மேல ஏறி, தோல் உரிச்சு, இறக்கை விரியறதுக்குள்ள தத்தளிக்கற கொஞ்ச நேரம் இருக்கே, ட்ரவுட்டுக்கு அதைவிட சுலபமான சாப்பாடு கிடையாது. கவுதாரி இறகோட மெல்லிசு இழை ஒவ்வொரு சின்ன நீரோட்டத்துக்கும் விரியும், மடங்கும், உடம்போட ஒட்டும். அந்தத் தத்தளிப்பு அப்படியே வரும். நாலு சுத்து போட்டா இழைகள் ஒண்ணையொண்ணு முட்டுக் குடுத்து நின்னுடும். மறுபடி பிரஷ். அதாவது நீங்க கூடுதலா சேக்கற ஒவ்வொண்ணும் இதைக் கொல்லுது. இதை முதல்ல கத்துக்காதவன் அப்புறம் என்ன கட்டினாலும் அளவுக்கு மீறித்தான் கட்டுவான். அதனாலதான் சொல்றேன், இதுதான் முதல் பாடமா இருக்கணும். ஆடம்ஸ் இல்லை.

இதைச் சொன்னா அடுத்த கோஷ்டி வருது. ட்ரை ஃப்ளை மேட்டுக்குடி. "வெட் ஃப்ளையா? சும்மா வீசிட்டு அதிர்ஷ்டத்தை நம்பறதுதானே!" இந்த நக்கலுக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசு. தெற்கே ஹாம்ப்ஷயர்ல ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்டுன்னு ஒருத்தர் 1886ல மிதக்கற ஃப்ளை பத்திப் புத்தகம் போட்டார். அதுக்கப்புறம் அது கிட்டத்தட்ட மதமாவே ஆயிடுச்சு. இன்னிக்கும் சில ஆத்துல ட்ரை ஃப்ளை மட்டும்னு விதி உண்டு. ஸ்க்யூஸ்னு ஒரு வக்கீல் 1910ல, "மீன் தண்ணிக்குள்ள தின்னுட்டு இருக்கும்போது நாம ஏன்யா மேலயே மிதக்க விடணும்?"ங்கற தொனியில ஒரு புத்தகம் எழுதினார். ஹால்ஃபோர்டு 1914ல போய்ச் சேர்ந்துட்டார், சீடர்கள் விடலை. 1938ல லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்புல உக்காந்து விவாதமே நடத்தினாங்க. ஸ்க்யூஸுக்கு அப்போ எண்பது வயசுக்குக் கிட்ட. முள்ளு முழுகலாமா கூடாதாங்கறதுக்கு ஒரு விவாத மேடை!

அதிர்ஷ்டம்னு நக்கல் பண்றவங்க ஸ்டூவர்ட்டைப் படிக்கட்டும். ஸ்காட்லாந்துக்காரர், 1857லயே எழுதிட்டார். அவர்கிட்ட இருந்த ஸ்பைடர் மொத்தம் மூணே மூணு. நீரோட்டத்தை எதிர்த்து மேல் நோக்கிக் கிட்டக்க வீசி, நூல்ல வர்ற சின்ன இழுப்பைக் கண்ணால பிடிக்கணும். மிதக்கறதைப் பாத்துட்டு நிக்கறதைவிட இது கஷ்டம். எனக்கு இன்னும் பாதி நாள் பிடிபடலை.

மூணாவது கோஷ்டி என் பக்கத்து ஆளுங்களேதான், அதனால கோபம் ஜாஸ்தி. "பியர்சால்ஸ் பட்டு நூல்ல கட்டலைன்னா அது ஸ்பைடரே இல்லை." அந்த நூல் உற்பத்தி நின்னு போச்சு. பழைய கண்டு ஏலத்துல யானை விலை. நியாயமா சொல்லணும்னா அவங்க சொல்றதுல விஷயம் இருக்கு. பட்டு நனைஞ்சா உள்ளே வெளிச்சம் ஊடுருவற மாதிரி அழகா கருக்கும், பாலியஸ்டர் அப்படிக் கருக்காது. ஆனா ரெண்டு சுத்து சுத்தவே தெரியாதவன்கிட்ட இதைச் சொல்லி விரட்டறீங்களே, ஏன்? ப்ரிட் 1885ல யார்க்‌ஷயர் ஃப்ளைகளைப் புத்தகமாப் போட்டப்போ இதெல்லாம் பக்கத்துல கிடைச்ச இறகு, பக்கத்துல கிடைச்ச நூல். கவுதாரி, உள்ளான், தாழைக்கோழி, வயல்ல பிடிச்ச அகழெலி மயிர். ஏழை எளியவன் வேலை அது. அதைப் போய் நகைக்கடை ஆக்கிட்டீங்க.

(அமெரிக்காவுல சில்வெஸ்டர் நெமிஸ் 1975ல சாஃப்ட் ஹேக்கிளுக்குன்னே ஒரு புத்தகம் எழுதி இதை மறுபடி தூக்கி நிறுத்தினார். அவர் பேரைச் சொல்லியும் இப்போ பெட்டி விக்கறாங்க. போங்கடா.)

போன ஏப்ரல்ல பர்ன்ஸால் பக்கம் இறங்கினேன். சீசன் தொடங்கி மூணு வாரம். முட்டி வரைக்கும் ஐஸ் தண்ணி. கட்டினதுலயே மட்டமான ஒண்ணு, ஒண்ணரை சுத்துல இறகு அறுந்து போனது, அதைத்தான் நூல்ல முடிஞ்சிருந்தேன், நல்லதெல்லாம் மரத்துல மாட்டிடுச்சு. ஒரு கல்லுக்குப் பின்னால நூல் லேசா நின்னுது. தூக்கினேன். ஒரு சாண் நீளம், உடம்பு பூரா சிவப்புப் புள்ளி. விட்டுட்டேன். ரூம்மேட் கேட்டான், "இதுக்கா மச்சி ராத்திரி முழுக்க தையல்காரன் மாதிரி உக்காந்திருக்க? குழம்பாவது வெச்சிருக்கலாம்ல?" அவனுக்கு என்ன பதில் சொல்றது.

பி.கு: லீட்ஸ் பக்கம் வர்ற பதிவர்கள் யாராவது கத்துக்கணும்னா வீட்டுக்கு வாங்க. எதுவும் வாங்கிட்டு வராதீங்க. வைஸ் கூட வேணாம், அந்தக் காலத்துல விரல்ல பிடிச்சேதான் கட்டினாங்க. டீ நான் போடறேன். பிளேடும் என்கிட்ட இருக்கு ;-)