கத்திரி வெயிலும் கார் கடை விலைச்சீட்டும்

சென்ற 2025ஆம் ஆண்டு கோடையில் என் வீட்டில் இரண்டு செலவுகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒன்று வீட்டுக்குள் அடிக்கும் அனல். மற்றொன்று கார். இரண்டிலும் நான் பட்டதை எழுதினால் நம் உறுப்பினர்களுக்கு நாலு காசு மிச்சமாகும் என்று தோன்றியது. எழுதிக்கொண்டே போனபோது விஷயம் நம் கடைவாசலுக்கே வந்துவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பழைய வீடு ஓட்டு வீடு. நடுவில் முற்றம், முன்னால் திண்ணை. அதை இடித்துக் காங்கிரீட் போட்டுக் கட்டியது நான்தான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தோம். காஞ்சிபுரத்தில் பழைய மெட்ராஸ் ஒட்டு போட்ட வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. தேக்குக் கட்டையின் மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. மே மாதப் பகலில் அந்த வீட்டுக்குள் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், நாம் எதை இழந்தோம் என்பது புரியும். காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் நம் தலைமேல் கக்குகிறது. மணி பதினொன்று ஆனாலும் சுவர் சுடுகிறது. என் தாயாருக்கு எண்பது வயது நெருங்குகிறது. "ஃபேன் காத்து அடுப்படிக் காத்து மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

உடனே ஏ.சி. வாங்கிவிடலாம் என்று மகன் சொன்னான். நான் யோசித்தேன். தீபாவளிக்கு முதல் நாள் யாராவது மொத்தக் கொள்முதலுக்குக் கிளம்புவோமா? ஏப்ரலில் ஏ.சி. வாங்குவதும் அதுதான். கேட்ட மாடல் இருக்காது, இருப்பதற்குத் தள்ளுபடி இருக்காது, மாட்டிக் கொடுக்க ஆள் வர பத்து நாள் ஆகும். ஆகவே முதலில் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நன்றாக நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு, கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு பூச்சு. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், தளம் அவ்வளவாகச் சூடேறாது. நம் பாட்டனார் காலத்துக் கைவேலைதான் இது. இதையே தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கை என்று பெயரிட்டு அறிவித்தது. மேற்கு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டினேன். இரவு படுத்துறங்கும் அளவுக்கு வீடு இறங்கிவிட்டது. ஏ.சி.யை மார்கழியில் வாங்கினேன். அதற்குள் 2025 செப்டம்பர் 22 முதல் அதன் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்திருந்தது. கடையில் என்னைத் தவிர வேறு கிராக்கி இல்லை. முதலாளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

இந்தப் பொறுமை கார் விஷயத்தில் எனக்கு இல்லாமல் போயிற்று. தாயாரை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், உச்சி வெயிலில் ஆட்டோவில் போனால் மயங்கிவிடுகிறார் என்று மே மாதமே ஷோரூமுக்குப் போனேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். நான்கு மாதம் பொறுத்திருந்தால் சிறிய காருக்கும் அதே செப்டம்பரில் வரி 18 சதவீதமாக இறங்கியது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஷோரூமில் ஏ.சி. சுகமாக இருந்தது, குளிர்ந்த மோர் கொடுத்தார்கள். பிறகு விலைச்சீட்டு வந்தது. வெளியே பலகையில் போட்டிருந்த விலைக்கும் சீட்டின் அடியில் இருந்த கூட்டுத்தொகைக்கும் இடையே ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம். சாலை வரி நியாயமான செலவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைச் சற்றே தாண்டும் மாடலைப் பார்க்கிறவர்கள் இந்தப் படியைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பலர் இதை ஆடிட்டரிடம் சொல்ல மறந்துவிட்டுப் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

சீட்டின் மற்ற வரிகளைப் பார்த்தேன். கையாளும் கட்டணம் என்று எட்டாயிரத்துச் சில்லறை. "இது எதற்கு தம்பி?" என்று கேட்டேன். "வண்டியை யார்டிலிருந்து கொண்டுவந்து துடைத்து ரெடி பண்ணித் தரணும் இல்லையா சார்" என்றான். நான் ஒரு பட்டுப்புடவையை அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்துக் காட்டி மடித்துக் கொடுப்பதற்குத் தனியாகப் பில் போட்டால் வாடிக்கையாளர் என்ன சொல்வார்? இன்ஷூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்றார்கள். அது உண்மையல்ல. மூன்றாம் நபர் காப்பீடு புதிய காருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டியாக வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். ஆனால் எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது நம் இஷ்டம். நான் வெளியே ஏஜெண்டிடம் அதே பாதுகாப்புகளுக்கு விலை கேட்டு, அந்தத் தாளைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அவர்கள் தொகை தானாகக் கீழே வந்தது. கையாளும் கட்டணமும் மறைந்துவிட்டது.

வெயிலுக்குக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தருகிறோம், உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்று ஒரு தொகை சொன்னார்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012லேயே தடுத்திருக்கிறது. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. அந்த அளவுக்குள் இருக்கும் தரச்சான்றுள்ள ஃபிலிம் கூடும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. அவர்கள் காட்டிய சாம்பிள் அமாவாசை இருட்டு. ஒட்டுவது அவர்கள், வழியில் நிறுத்தி அபராதம் கேட்டால் கட்டுவது நாம்.

எல்லாவற்றையும்விட நம்மவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "கடை பேரில் போட்டுக்கோங்க சார், ஜி.எஸ்.டி. முழுசா கிரெடிட் வந்துடும்" என்றான் அந்தப் பையன். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் வண்டிக்கு நம்மைப் போன்ற கடைக்காரர்கள் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. சரக்கு ஏற்றும் வண்டிக்குத்தான் உண்டு. அந்தக் காரின் ரிப்பேருக்கும் இன்ஷூரன்ஸுக்கும் கட்டும் வரிக்கும் அதே கதைதான். எடுத்துவிட்டுப் பின்னால் நோட்டீஸ் வந்து வட்டியோடு திருப்பிக் கட்டினால் லாபம் எங்கே? வருமான வரியில் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், அதுவும் தொழிலுக்கு ஓடும் அளவுக்கு. ஆண்டின் பிற்பகுதியில் வாங்கி 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். விற்றுமுதலில் சதவீதம் காட்டி வரி கட்டும் சிறு வியாபாரிகளுக்கு இந்தக் கழிவும் தனியாகக் கிடையாது.

இன்னொன்று. கார் பழுதாக வந்து, ஷோரூம்காரர் கையை விரித்து, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால், கடை பேரில் வாங்கிய வண்டிக்கு எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கிளப்பும் ஆட்சேபணை "இது வணிக நோக்கத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே அல்ல" என்பதுதான். ஜெயிக்கலாம், ஆனால் அதற்கே பல வாய்தா போய்விடும். வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்கள் தன் பேரில் வாங்குவது மேல் என்பது என் அபிப்பிராயம். நான் அப்படித்தான் செய்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஷோரூம்காரர்களைத் திட்டிக்கொண்டே போக எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் வியாபாரிகள்தான். கம்பெனி கொடுக்கும் மார்ஜின் சொற்பம், மாதக் கடைசியில் கேளாத சரக்கையும் தலையில் கட்டுகிறது. நம் பக்கத்து மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஒரே நாளில் அறிவித்தது. அப்போது நாட்டில் அதற்கு 170 டீலர்கள் இருந்தார்கள், அவர்கள் போட்ட முதல் சுமார் 2000 கோடி என்று டீலர்கள் சங்கக் கூட்டமைப்பு சொன்னது. சில மாதம் முன்பு புதிதாக ஷோரூம் திறந்தவர்களும் அதில் உண்டு. வண்டியில் கிடைக்காத லாபத்தைப் பாயிலும் ஃபிலிமிலும் தேடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. தெரிந்தாலும் நாம் கொடுக்க வேண்டியதில்லை.

இங்கேதான் எனக்குச் சங்கடம். அந்த விலைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்பட்ட அன்று மாலையே கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆட்டோக்காரர் வெளியூர்க் குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அவர்கள் வாங்கிக்கொண்டு போனபின் பின்வாசலில் தன் கமிஷனை வாங்கிக்கொண்டார். அந்தக் கமிஷன் யார் கையிலிருந்து போயிற்று? அந்தக் குடும்பத்தின் புடவை விலைக்குள்ளிருந்து. ஷோரூம்காரராவது சீட்டில் ஒரு வரி எழுதிக் காட்டினார். நாம் அதையும் எழுதுவதில்லை. விலையை ஏற்றி எழுதி அதன்மேல் தள்ளுபடிப் பலகை மாட்டுவதும் நம் காந்தி ரோட்டில் இல்லாத சங்கதி அல்ல. ஒருவர் மட்டும் கமிஷனை நிறுத்தினால் ஆட்டோ அடுத்த கடைக்குப் போய்விடும். எல்லோரும் சேர்ந்து ஒரு நாளில் நிறுத்தினால்தான் நிற்கும். சங்கம் எதற்கு இருக்கிறது?

வெயில் விஷயத்திலும் நம் கணக்கு சரியாக இல்லை. நான் காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு போகிறேன். எனக்கு நெய்து கொடுப்பவர் தகரக் கூரைக்குக் கீழே தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறார். வைகாசி முகூர்த்தத்துக்குப் புடவை தாமதமானால் நாம் போனில் சத்தம் போடுகிறோம். கத்திரியில் பகல் பதினொரு மணிக்கு மேல் அந்த வீட்டில் யாராலும் உட்கார முடியாது என்பது நமக்குத் தெரியாததா? விடிகாலையிலும் சாயங்காலத்திலும்தான் தறி ஓடுகிறது. அகமதாபாத் நகரில் 2010 மே மாதத்தில் வழக்கத்தைவிட 1300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்த பிறகுதான், 2013இல் அந்த ஊர் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் போட்டது. நம் அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் நிவாரணம் என்று வைத்திருக்கிறது. இறந்த பின் வரும் பணத்தைவிட முன்னால் அடிக்கும் சுண்ணாம்பு மலிவு. என்னிடம் நெய்யும் வீடுகளுக்குக் கூரைமேல் வெள்ளையடிக்கும் செலவை நான் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன், கூலியில் பிடிப்பதில்லை. மே மாத ஆர்டர்களை மாசியிலேயே கொடுத்துவிடுவதாகவும் முடிவு.

கடைச் சிப்பந்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் பட்டுக்கடையில் வெள்ளை மெத்தை விரித்து, விற்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்துதான் வியாபாரம் நடந்தது. கவுண்ட்டர் வந்த பிறகு பிள்ளைகள் பத்து மணி நேரம் நிற்கிறார்கள். உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். இருக்கை இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அதன்மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. என் கடையிலும் அப்படித்தான் இருந்தது, சென்ற வாரம்தான் எடுக்கச் சொன்னேன்.

கத்திரி நாட்களில் பகல் ஒன்று முதல் நான்கு வரை கடையடைப்பது, ஆட்டோ கமிஷனை ஒரே தேதியில் நிறுத்துவது ஆகிய இரண்டையும் தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். முதலாவதற்கு எதிர்ப்பு குறைவாக இருக்கும், இரண்டாவதற்குப் பலமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். செயற்குழுவுக்கு வரும்போது எதிர்ப்பவர்கள் தங்கள் காரணத்தையும் எழுத்தில் கொண்டுவந்தால் பேச வசதியாக இருக்கும்.