தக்காளி சிவந்தால்தான் பழமா?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நாலைந்து வீட்டு மொட்டைமாடிகளில் தக்காளித் தொட்டிகள் வந்துவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் சித்திரை பிறந்ததும் எல்லோருக்கும் ஒரே கவலை: "சார், காய் மஞ்சளாவே நிக்குது, சிவக்க மாட்டேங்குது. ஏதாவது மருந்து அடிக்கலாமா?"

வேண்டாம். செடிக்கு நோய் ஒன்றும் இல்லை. தக்காளிக்குச் சிவப்பைத் தருவது லைக்கோபீன் என்ற நிறமி. 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் அது நன்றாக உண்டாகும். 30 டிகிரியைத் தாண்டினால் குறைந்து, மேலும் சூடேறினால் நின்றே போகும். மஞ்சள் நிறமி மட்டும் உண்டாகிக்கொண்டிருக்கும். வெயில் பட்டால் சிவக்கும் என்று நாம் நினைக்கிறோம். நம் ஊர்க் கோடையில் வெயில்தான் தடை.

ஆகவே காயின் அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதுமே பறித்துவிடுங்கள். முறத்தில் துணி விரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றோடொன்று நெருக்காமல் பரப்பி, வீட்டிலேயே குளிர்ச்சியான, நிழலான இடத்தில் வையுங்கள். அவசரமென்றால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போடுங்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு காயைப் பழுக்க வைக்கும். பழுப்பதற்கு முன் பிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் பழுப்பது நின்றுவிடும், மணமும் போய்விடும்.

கோடையில் வீட்டுக்குள்ளும் சூடுதான். பழம் கொஞ்சம் ஆரஞ்சு நிறமாகவே இருக்கலாம். இருக்கட்டுமே! தொட்டால் மெத்தென்று இருந்து, மணமும் வந்துவிட்டால் அது பழம்தான்.

என் கருத்து இதுதான்: நிறத்தைப் பார்த்து வாங்கும் நம் பழக்கம்தான் கார்பைடு கல்லுக்கு வழி விடுகிறது. மாங்கனித் திருவிழா சமயத்தில் மாம்பழத்தைக் "கல் வைத்ததா?" என்று கேட்காமல் நாம் வாங்குவதில்லை. தக்காளியை யார் கேட்கிறோம்? கார்பைடில் ஆர்சனிக் போன்ற நஞ்சுகள் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதை வைத்துப் பழுக்க வைப்பதை 2011 விதிகள் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவுக்கு மட்டும், பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, அனுமதி உண்டு.

கடை சாஸின் சிவப்பும் அப்படித்தான் நம்மை இழுக்கிறது. பாட்டிலைத் திருப்பி உப்பு, சர்க்கரை அளவைப் படியுங்கள். பி.பி., சர்க்கரை உள்ள நம் வயதுக்காரர்களுக்கு அது தொட்டுக்கொள்ளும் அளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தை நினைத்து, தக்காளியின் அளவையே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுத் தொக்கு என்பதாலேயே ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. புளிப்புதான் அதற்குக் காவல். பெங்களூர்த் தக்காளியில் புளிப்பு குறைவு என்பதால் கொஞ்சம் புளி சேர்ப்பது ருசிக்கு மட்டுமல்ல. அலுமினியப் பாத்திரமும், ஈயம் பூசாத பித்தளையும் கூடாது. கண்ணாடி பாட்டில், உலர்ந்த கரண்டி, பிரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் கண்டால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

காசு போகிறதே என்று சிக்கனம் பார்க்கும் தலைமுறை நாம். ஆனால் பத்து ரூபாய்த் தொக்குக்காக ஆஸ்பத்திரிக்குப் போவது சிக்கனமாகாது.