ஷவ்வால் பிறந்தால் பசி தீருமா?

ரமலானில் அஸருக்கு முன்பே திட்டக்குடி வட்டாரப் பள்ளிவாசல்களில் கஞ்சி கொதிக்கத் தொடங்கிவிடும். அரிசி அரசு தருவது. மற்றவை ஜமாஅத்தார் செலவு. தூக்குவாளியுடன் வருபவர் எம்மதத்தவர் என்று எவரும் கேட்பதில்லை. பெருநாள் பிறை தெரிந்ததும் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம்.

2011 முதல் ரேஷன் அரிசி இலவசமாயிற்றே, இனிப் பட்டினி ஏது என்று வாதிப்போர் நம்மில் உண்டு. அரிசி தானே சோறாகிவிடுமா? அடுப்பு மூட்டவும் இயலாத மூதாட்டிக்கு மூட்டை அரிசியால் என்ன பயன்?

நம் கடலூர் மாவட்டத்து வடலூரைப் பாருங்கள். பார்வதிபுரத்து மக்கள் ஈந்த நிலத்தில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றளவும் அணையவில்லை. நாள்தோறும், வந்தவர்க்கெல்லாம் சோறு.

ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனை, மார்க்கத்தைப் பொய்யாக்குபவன் என்றே அல்மாஊன் அத்தியாயம் கண்டிக்கிறது. அதனைத் தொழுகையில் ஓதிவிட்டுத்தான் நாம் வெளியே வருகிறோம்! ஸகாத் பணத்தைத் தொட வேண்டியதில்லை. அதற்கு உரியவர் எண்வகையினர் என்பது நாமறிந்த சட்டம். ஸதகா போதும், அதில் மதம் பார்க்க வேண்டியதுமில்லை. மினாராவுக்குச் சலவைக்கல் பதிக்க வசூல் செய்யத் தெரிந்த ஜமாஅத்துக்கு, வெள்ளிக்கிழமை தோறுமேனும் அந்த அண்டாவை அடுப்பிலேற்ற என்ன தடை?